எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 வரட்டும், ஆனால் இந்த முறை எதை வெட்டப்போகிறார்கள்?

சாம்பல்தீவு:

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கற்பனையுலக வீடியோ கேம் தொடரின் ஆறாவது பாகம் வரும் என்று, 2018 ஜூனில் பெதஸ்டா கம்பெனி ஒரு மலைத்தொடரைக் காட்டி, பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து காத்திருக்கிறோம். எப்போது வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரும்போது அதில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதுதான் என் கவலை.

முந்தைய பாகங்களின் கணக்கைப் பாருங்கள். மோரோவிண்டில் (2002) நம் பாத்திரம் பழகி வளர்க்கும் திறமைகள், அதாவது ஸ்கில், 27. ஆப்ளிவியனில் (2006) 21. ஸ்கைரிமில் (2011) 18. வலிமை, அறிவு, மனவுறுதி, வேகம் என்று இருந்த எட்டு அட்ரிபியூட்டும் (அடிப்படைக் குணங்கள்) ஸ்கைரிமில் காணாமல் போய், உயிர், மேஜிக்கா (மந்திர சக்தி), ஸ்டாமினா (உடல் தெம்பு) என்று மூன்று பட்டைகள் மட்டும் நின்றன. ஈட்டி ஆப்ளிவியனிலேயே போய்விட்டது. மந்திரங்களைக் கலந்து நாமே புதிதாக ஒன்றை உருவாக்கும் வசதி ஸ்கைரிமில் போனது.

இதில் எனக்கு ஆறாத ஒன்று, காற்றில் மிதக்கும் மந்திரம். மோரோவிண்டில் டெல்வானி என்று ஒரு மந்திரவாதிக் குலம் உண்டு. ராட்சதக் காளானை வளர்த்து அதற்குள் குடியிருப்பார்கள். கோபுரத்தின் உச்சியில் தலைவர் இருப்பார், ஆனால் அவரிடம் போகப் படிக்கட்டு கிடையாது. செங்குத்தான ஒரு குழாய் மட்டும் மேலே போகும். மிதக்கத் தெரியாதவன் தன்னைப் பார்க்க வரவே வேண்டாம் என்று அந்தக் கிழவர் நினைப்பது, ஒரு வரி வசனம் இல்லாமலே நமக்குப் புரிந்துவிடும். முதல் தடவை அதற்குள் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குப் பதினாறு வயது. பையில் மருந்து இல்லை, மந்திரமும் தெரியாது. ஊர் திரும்பிப் போய்க் காசு சேர்த்து மிதக்க வைக்கும் மருந்து ஒன்று வாங்கி வந்தேன்.

ஆப்ளிவியனில் அந்த மந்திரத்தைச் சட்டம் போட்டுத் தடை செய்ததாகக் கதை கட்டினார்கள். உண்மையில், மதிலுக்குள் இருக்கும் நகரங்கள் தனி மேப்பாக லோட் ஆகும். மேலிருந்து பறந்து வந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. தொழில்நுட்பத்துக்காக ஒரு சுதந்திரத்தை எடுத்தார்கள். பிறகு திருப்பித் தரவே இல்லை.

பனிக்கரடி:

அண்ணா, நீங்க சொன்ன கோபுரக் கதை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா ஸ்கில் எண்ணிக்கையை வெச்சு ஆழத்தை அளக்கறதை ஒத்துக்க முடியல.

ஆப்ளிவியன்ல லெவல் ஏத்தினவங்களுக்குத் தெரியும். ஆரம்பத்துலயே ஏழு மேஜர் ஸ்கில், அதாவது முதன்மைத் திறமை, எடுக்கணும். அதுல பத்து புள்ளி ஏறினா ஒரு லெவல். அந்த லெவலுக்குள்ள எந்த அட்ரிபியூட்டுக்குச் சொந்தமான ஸ்கில்லை எவ்வளவு பழகினோமோ, அதுக்கேத்த மாதிரிதான் அது கூடும், அதிகபட்சம் 5. விளைவு என்ன? நமக்குப் பிடிச்ச வாள்வீச்சை மேஜராப் போடக்கூடாது, பிடிக்காததைப் போட்டாத்தான் லாபம்னு ஆகிப்போச்சு. நான் ஒரு நோட்டுல கோடு போட்டு எழுதி வெச்சு ஆடினேன். இயல்பா ஆடினவன் லெவல் ஏற ஏற பலவீனமாவான். ஏன்னா எதிரிகளும் கூடவே ஏறுவாங்க. சாதாரண வழிப்பறிக்காரன் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம் போட்டுட்டு வந்து நூறு காசு கேப்பான்.

இதை ஆழம்னு சொல்வீங்களா? எனக்கு இது தண்டனை. ஸ்கைரிம் இதைத் தூக்கிப் போட்டது. வில் எடுத்தா வில் வளரும், அவ்வளவுதான். அதுக்கு மேல பெர்க்னு சொல்ற சிறப்புச் சக்திகள் கிளை கிளையா இருக்கற மரத்துல ஒவ்வொரு லெவலுக்கும் ஒண்ணுதான் எடுக்க முடியும்ங்கறதால, எதை விடறதுன்னு உண்மையாவே யோசிக்க வேண்டி வரும்.

மோரோவிண்ட் சண்டையைப் பத்தியும் சொல்லணும். எலி மூக்குக்கு நேரா நிக்குது. கத்தி அது உடம்புக்குள்ள போறது கண்ணுக்குத் தெரியுது. ஆனா உள்ள பகடை உருண்டு "படவில்லை"ன்னு சொல்லிடுது. அதைச் சரிபண்ணினதை இழப்புன்னு என்னால சொல்ல முடியல.

சாம்பல்தீவு:

லெவல் முறை கோணலாக இருந்தது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் கோணலை நிமிர்த்துவது வேறு, வெட்டி எறிவது வேறு.

2025 ஏப்ரலில் ஆப்ளிவியனைப் புதுப்பித்து ரீமாஸ்டர் என்று விட்டார்களே, அதில் என்ன செய்தார்கள்? எட்டு அட்ரிபியூட்டையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். லெவலுக்கு 12 புள்ளி, மூன்று அட்ரிபியூட் வரை நாமே பங்கிடலாம். உங்கள் நோட்டுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, வலிமையும் வேகமும் அங்கேயே இருக்கின்றன. ஓடி ஓடி அத்லெடிக்ஸ் வளர்வதும், குதித்துக் குதித்துக் கூரைக்குத் தாவுவதும் இருக்கின்றன. 2011-லேயே இதைச் செய்திருக்க முடியும். ஒரு பகுதி வலிக்கிறது என்றவுடன் அந்த உறுப்பையே எடுத்துவிடும் வைத்தியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பகடை12:

இருவருமே எண்களில் நிற்கிறீர்கள். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், மோரோவிண்டே ஒரு வீழ்ச்சி. அதற்கு முந்தைய பாகமான டாகர்ஃபாலில் (1996) 35 ஸ்கில். பூதங்களின் மொழி, ஹார்ப்பிகளின் மொழி என்று மொழிகளே தனித்தனி ஸ்கில். சுவரேறுவதற்கு ஒரு ஸ்கில். எண்ணற்ற ஊர்கள் கொண்ட பரப்பு. அதிலிருந்து வந்தவனுக்கு, மோரோவிண்டின் ஒரே தீவும் 27 ஸ்கில்லும் குறுகலாகத்தானே தெரிந்திருக்கும்? ஆனாலும் சாம்பல்தீவு அதைத்தான் ஆழத்தின் உச்சம் என்கிறார், நானும் அதைத்தான் சொல்வேன். ஆக, ஆழம் வேறெங்கோ இருக்கிறது.

என் பார்வையில் அது ஒரே கேள்விதான்: இந்த கேம் என்னிடம் "முடியாது" என்று சொல்லுமா?

மோரோவிண்டில் மேஜஸ் கில்ட் என்ற மந்திரவாதிகள் சங்கத்தில் சேர்ந்தால், அறிவும் மனவுறுதியும் மந்திர ஸ்கில்களும் போதுமான அளவு இல்லாதவரை அடுத்த பதவி கிடைக்காது. எத்தனை குவெஸ்ட் (கேம் தரும் பணி) முடித்திருந்தாலும் கிடைக்காது. ஹ்லாலு, ரெடோரான், டெல்வானி என்ற மூன்று பெருங்குலங்களில் ஒன்றில் சேர்ந்தால் மற்ற இரண்டின் கதவும் மூடும். வீரர்கள் சங்கமான ஃபைட்டர்ஸ் கில்ட் ஒரு கட்டத்தில் திருடர் சங்கமான தீவ்ஸ் கில்டின் தலைவர்களையே கொல்லச் சொல்லும். இரண்டிலும் உறுப்பினராக இருந்தவன் அன்றிரவு தூங்கமாட்டான். முக்கியமான பாத்திரத்தைக் கொன்றுவிட்டால், தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்தது என்று ஒரு செய்தி வரும். பழைய சேவுக்குத் திரும்பலாம், அல்லது நீ கெடுத்த உலகத்திலேயே தொடரலாம். நான் ஒருமுறை தொடர்ந்தேன். முடிவே இல்லாத அந்த உலகத்தில் இரண்டு வாரம் சுற்றினேன்.

ஆப்ளிவியனில் அதே மாதிரிப் பாத்திரம் மயங்கி விழுந்து எழுந்துகொள்ளும். ஸ்கைரிமில் மண்டியிட்டு மூச்சு வாங்கிவிட்டு நிமிரும். வின்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரி வாசலில் ஒரே ஒரு மந்திரம் போட்டுக் காட்டினால் உள்ளே விடுவார்கள். இரும்புக் கோடரியோடு திரிகிறவன் கொஞ்ச நாளில் அதன் தலைவனான ஆர்ச்மேஜ் ஆகிவிடலாம். யாரும் அவனைத் தடுப்பதில்லை. அங்கே தலைவன் என்ற பட்டத்துக்கு என்ன பொருள்?

பனிக்கரடி:

வின்டர்ஹோல்ட் விஷயத்துல நீங்க சொல்றது சரி. அது எனக்கும் உறுத்தினதுதான்.

ஆனா ஸ்கைரிம் "முடியாது"ன்னு சொல்லவே இல்லைங்கறது தப்பு. பார்த்தூர்நாக்ஸை நினைச்சுப் பாருங்க. அந்தக் கிழ டிராகன் மலையுச்சில உக்காந்து நமக்குக் கத்துக் குடுக்குது. தன்னோட பழைய பாவத்தோட தினமும் போராடுறேன்னு சொல்லுது. டிராகன்களை வேட்டையாடற பிளேட்ஸ் கூட்டம் வந்து அதைக் கொல்லு, இல்லைன்னா உன்னோட உறவு கிடையாதுன்னு சொல்றாங்க. சமாதானமா போற வழி கிடையாது. நான் கொல்லல. பிளேட்ஸ் கதவை மூடிட்டாங்க. அன்னிக்கு எனக்கு இந்த கேம் ஆழமில்லைன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா சண்டைக்கே போயிருப்பேன்.

இன்னொண்ணு. நான் காலேஜ் படிக்கும்போது ஸ்கைரிம்தான் என் முதல் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாவே மாறி ஆடற கேம்). என் கம்ப்யூட்டர்ல என் சித்தி பொண்ணும் ஆடுவா, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான். அவ ஒரு தடவைகூட மெயின் குவெஸ்ட் போகல. மூலிகை பறிச்சா, பட்டாம்பூச்சி பிடிச்சா, ஒய்ட்ரன் நகரத்துல வீடு வாங்கினா, மலைப்பாதைல ஒரு குடிலைக் கண்டுபிடிச்சு அங்க செத்துக் கிடந்தவரோட டைரியை முழுசாப் படிச்சிட்டு எங்கிட்ட வந்து கதை சொன்னா. அவளுக்கு 27 ஸ்கில் பட்டியலைக் காட்டியிருந்தா அன்னிக்கே எழுந்து போயிருப்பா. கதவு மூடறது ஆழம்னா, திறந்து விடறதும் ஒரு ஆழம்தான்.

நிலாக்கண்ணி:

நடுவுல வரேன், மன்னிக்கணும். நானும் ஸ்கைரிம்ல ஆரம்பிச்சவதான். இந்த விவாதத்தைப் படிச்சுட்டுப் போன வாரம் மோரோவிண்ட் ஆரம்பிச்சேன். ரெண்டு நாள்ல விட்டுட்டேன். காரணம் ஸ்கில்லும் இல்ல, கில்டும் இல்ல. எங்க போறதுன்னே தெரியல. ஸ்கைரிம்ல மாதிரி வழிகாட்டற அம்புக்குறி இல்ல. "ஆற்றைத் தாண்டி வடக்கே போ, பாதை பிரியும் இடத்துல இடப்பக்கம் திரும்பு"ன்னு சொல்றாங்க. நான் அதைச் சரியாப் படிக்காம ஒரு குகைக்குள்ள போய்ச் செத்தேன். அடிக்கற அடி எதுவுமே படமாட்டேங்குது. இதை எப்படி ரசிக்கறீங்கன்னு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

சாம்பல்தீவு:

நிலா, விட்டுவிடாதீர்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஓடாதீர்கள், நடங்கள். ஓடினால் தெம்பைக் காட்டும் பச்சைப் பட்டை காலியாகும். அது காலியானால் அடி படவே படாது. பனிக்கரடி சொன்ன எலி தப்பித்ததில் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். அடுத்தது, பாத்திரம் உருவாக்கும்போது எந்த ஆயுதத்தை மேஜர் ஸ்கில்லாக எடுத்தீர்களோ அதையே பிடியுங்கள். குட்டைக் கத்தி பழகாதவர் அதைத் தூக்கினால் வீசத் தெரியாது, கேம் அதை அப்படியே காட்டும். மூன்றாவதாக, ஓப்பன்எம்டபிள்யூ என்ற இலவச எஞ்சினில் போட்டு ஆடுங்கள், இன்றைய கம்ப்யூட்டரில் தடங்கல் இல்லாமல் ஓடும்.

வழி சொல்லும் விஷயத்தில் நீங்கள் என் வாயிலிருந்து பிடுங்கிச் சொல்லிவிட்டீர்கள். அம்புக்குறி வந்த பிறகு யாரும் யாரிடமும் வழி சொல்வதில்லை, கவனித்தீர்களா? ஸ்கைரிமில் அந்த அம்புக்குறியை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். பெரும்பாலான குவெஸ்ட்டை முடிக்கவே முடியாது. எங்கே இருக்கிறது என்று எந்த வசனமும் சொல்லாது, ஏனென்றால் அம்பு சொல்லிவிடும் என்று எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள். வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளலாம் என்பது இங்கே பதில் ஆகாது. வழி சொல்லும் வசனத்தை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

பனிக்கரடி:

இந்த ஒரு இடத்துல நான் உங்க பக்கம் வந்துட்டேன். வசனமும் எழுதட்டும், அம்பும் இருக்கட்டும். ரெண்டும் வேணும்.

ஆனா கம்பெனி கேக்கவே கேக்காதுன்னு பேசறது நியாயமில்ல. இதே கம்பெனியோட இன்னொரு கேம் ஃபால்அவுட் 4-ல (2015) கதாநாயகனுக்குக் குரல் குடுத்து, பதில்களை நாலு பட்டனுக்குள்ள சுருக்கினாங்க. ஸ்கில்லைத் தனியா வைக்காம பெர்க்குக்குள்ள கரைச்சாங்க. ரசிகர்கள் கொதிச்சாங்க. 2023-ல இவங்களோட விண்வெளி கேம் ஸ்டார்ஃபீல்ட் வந்தப்போ குரல் போச்சு, முழு வாக்கியமா பதில் பட்டியல் திரும்ப வந்தது, பாத்திரத்துக்குப் பின்னணியும் டிரெய்ட்டும் (தனிக் குணங்கள்) வந்தது. அதே டாட் ஹோவர்ட்தான் ரெண்டுக்கும் இயக்குநர். திருத்திக்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?

பகடை12:

பாதி திருத்தம். ஸ்டார்ஃபீல்டில் யுனைடெட் காலனிஸும் ஃப்ரீஸ்டாரும் போர் நடத்திய இரண்டு அரசுகள். ஒரே ஆள் ஒன்றின் வேன்கார்ட் படையிலும் மற்றதன் ரேஞ்சர் படையிலும் ஒரே வாரத்தில் வீரனாகலாம். இரு தரப்பும் அவனோடு கைகுலுக்கும். பதில் பட்டியல் நீண்டது, அந்தப் பதிலால் மூடவேண்டிய கதவு மூடவில்லை. அதே 2023-ல் வேறொரு கம்பெனியின் ஆர்பிஜியான பால்டர்ஸ் கேட் 3 வந்தது. பகடையைத் திரையின் நடுவில் உருட்டி, தோற்றால் தோற்றதுதான் என்று முகத்துக்கு நேரே காட்டியது. முக்கியமானவர்களைக் கொல்லவும் விட்டது. அதற்குக் கூட்டம் கூடவில்லையா? புதிதாக வருகிறவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்ற வாதத்தை இனி யாராவது சொன்னால் நான் அந்த ஆண்டைத்தான் காட்டுவேன்.

உங்கள் சித்தி மகளைப் பற்றிச் சொன்னது என்னை யோசிக்க வைத்தது, பனிக்கரடி. அந்தக் குடிலும் டைரியும் மோரோவிண்டை விட ஸ்கைரிமில் நன்றாக அமைந்தவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறாவது பாகத்தில் அவரும் இருக்கவேண்டும். அவருக்காகத்தான் எங்களை வெளியே அனுப்பினோம் என்று மட்டும் சொல்லாமல் இருக்கட்டும்.

நிலாக்கண்ணி:

அண்ணா, நடந்தே போனேன். சில்ட் ஸ்ட்ரைடர்ங்கற ராட்சதப் பூச்சி வண்டியில ஏறாம, பால்மோரா ஊருக்குப் போற பாதையைப் பிடிச்சேன். ஊரைத் தாண்டினதும் ஒரு அலறல், வானத்துல இருந்து ஒருத்தர் என் முன்னாடி பொத்துனு விழுந்து செத்துட்டார். பையைத் துழாவினா ஒரு டைரி, மூணு மந்திரச் சுருள். என்னன்னு பார்க்காம ஒண்ணைப் படிச்சேன். ஒரு தாவு தாவினேன். தீவே கீழ போயிடுச்சு. கடல் தெரிஞ்சுது, எரிமலை தெரிஞ்சுது. இறங்கறப்போ செத்துட்டேன்.

பழைய சேவுக்கு வந்துட்டேன், மூணும் கைல இருக்கு. உயிரோட இறங்க வழி இருக்கா?

பகடை12:

இருக்கிறது. ஒரு சுருளின் சக்தி சில வினாடிதான், பாதி வானத்திலேயே தீர்ந்துவிடும். இரண்டாவதைப் படிக்கத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தரை நெருங்கும்போது அதைப் படித்தால் விழுந்த அடி படாது. கிழக்கே பார்த்துத் தாவுங்கள், டெல்வானி கோபுரங்கள் அந்தப் பக்கம்தான்.