பச்சைத் திரையில் எடுத்த பட்டுச்சேலை: ஸ்பில் எடுத்தால் ஜரிகை சிவந்துபோகிறது

ஆரப்பாளையத்தான்:
வணக்கம். மதுரை விளக்குத்தூண் பக்கம் இருக்கும் ஒரு ஜவுளிக்கடைக்கு 20 விநாடி விளம்பரம் செய்துகொண்டிருக்கிறேன். லோக்கல் கேபிளில் ஓடும். கல்யாண மண்டபத்தில் பச்சைத் துணி கட்டி எடுத்தோம். அரக்கு நிறப் பட்டு, அகலமான ஜரிகை பார்டர். தலையில் மல்லிகையோடு மரிக்கொழுந்து சேர்த்துக் கட்டிய சரம். பின்னால் வண்டியூர் தெப்பக்குளமும் மைய மண்டபமும் வரணும்.

ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில், படங்களை ஒன்றுசேர்க்கும் ஃபியூஷன் பகுதியில்தான் வேலை. கீ, அதாவது பச்சையை நீக்கி ஆளைப் பிரிப்பது, நன்றாகவே விழுகிறது, முகமும் சரியாக இருக்கிறது. ஆனால் ஸ்பில்லை, அதாவது துணியிலிருந்து ஆள்மேல் படிந்த பச்சைச் சாயலை, எடுத்ததும் ஜரிகை தங்கமாக இல்லாமல் செம்பு நிறமாகிவிடுகிறது. எடுக்காமல் விட்டால் பச்சை அடிக்கிறது. முந்தானை ஓரமும் பிரேமுக்குப் பிரேம் துடிக்கிறது. கேமரா 8 பிட், நிறத் தகவலைக் குறைத்துப் பதியும் 4:2:0. கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "சேலை கடையில இருக்கிற மாதிரியே தெரியணும்." யாராவது வழி சொல்லுங்கள்.

திருநகர்க்காரி:
தம்பி, கடைக்காரர் சொல்வது நியாயம். விளம்பரம் விற்பதே அந்த ஜரிகையைத்தான். முகத்துக்கு எவ்வளவு கவனம் கொடுக்கிறீர்களோ அவ்வளவு பார்டருக்கும் கொடுக்க வேண்டும். சென்னையில் இருந்தவரை பட்டு விளம்பரங்கள் நிறைய செய்தேன். இப்போது வீட்டிலிருந்தே காம்ப் (படங்களை ஒன்றுசேர்க்கும் வேலை) செய்கிறேன். இந்தச் சிக்கல் எல்லாப் பட்டிலும் வரும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. வழக்கமான ஸ்பில் நீக்கும் முறை என்ன செய்கிறது? ஒரு பிக்சலில் பச்சை எண், சிவப்பு நீலம் இரண்டின் சராசரியைத் தாண்டினால், அதைச் சராசரிக்கே வெட்டிவிடும். 0 முதல் 1 வரையான அளவில், நல்ல தங்க ஜரிகையில் சிவப்பு 0.8, பச்சை 0.6, நீலம் 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 0.5. பச்சை 0.6 இருப்பதால் அதையும் ஸ்பில் என்று நினைத்து 0.5 ஆக்கிவிடுகிறது. தங்கத்தில் பச்சை குறைந்தால் செம்புதான். நம் ஊர்த் தோல் நிறத்தில் சிவப்பு 0.6, பச்சை 0.42, நீலம் 0.33 அளவில் இருக்கும். சராசரி 0.46க்கு மேல், பச்சை அதைத் தொடவே இல்லை. அதனால்தான் முகம் தப்பித்தது, ஜரிகை மாட்டிக்கொண்டது.

ஆகவே சேலை முழுக்க ஒரே ஸ்பில் நீக்கம் போடாதீர்கள். முகம், கை, கூந்தலுக்குச் சராசரி முறையே இருக்கட்டும். பார்டருக்கு மட்டும் தனியாக ஒரு ரோட்டோ (அந்த இடத்தைச் சுற்றிக் கையால் வரையும் வடிவம்) போடுங்கள், ஓரம் மென்மையாக இருந்தால் போதும். அதற்குள், நாமே கணக்கு எழுதும் கஸ்டம் டூலில் பச்சைக்கு வேறு வரம்பு கொடுங்கள். பச்சை எண்ணையும், சிவப்பு நீலத்தில் எது பெரியதோ அதையும் ஒப்பிட்டு, சிறியது நிற்கட்டும். அப்போது வரம்பு 0.8, உங்கள் 0.6 அப்படியே தப்பிக்கும். துணியின் பச்சை பலமாக அடித்த மடிப்புகளில் மட்டும் எலுமிச்சை மஞ்சள் தெரியும். அங்கே வரம்பைச் சிவப்பில் 80 சதவீதமாக, அதாவது 0.64 ஆக இறக்குங்கள். கடையிலிருந்து அதே சேலையை ஒருநாள் கேட்டு வாங்கி, மானிட்டர் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு அந்த எண்ணைத் திருத்துங்கள். ஜரிகைக்கு ஜரிகை சாயல் மாறும், ஆகவே இதை ஊகத்தில் செய்யவே கூடாது.

அப்புறம் முந்தானை. 4:2:0 என்றால் 1920க்கு 1080 படத்தில் நிறத் தகவல் 960க்கு 540தான். ஓரம் படிக்கட்டாக உடைவதும் துடிப்பதும் அதனால்தான். கீ எடுப்பதற்கு மட்டும் ஒரு நகல் போட்டு, அதில் நாய்ஸை (படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை) குறையுங்கள். ஒளியைத் தொடாமல் நிறச் சேனல்களை மட்டும் ஒன்றிரண்டு பிக்சல் மங்கலாக்குங்கள். மேட் (எது தெரியணும், எது மறையணும் என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்) அந்த நகலிலிருந்து வரட்டும், நிறம் அசலிலிருந்து வரட்டும். துடிப்பு பெருமளவு அடங்கும். மேட்டைச் சுருக்கி ஓரத்தைத் தின்ன வைக்கும் வழி வேண்டாம். முந்தானைக் குஞ்சம் முதலில் போய்விடும்.

ஒத்தக்கடை லைட்மேன்:
அக்கா சொன்னது சரி. அடுத்த ஷூட்டுக்கு நான் ஒன்று சொல்கிறேன். ஆள் துணியிலிருந்து பத்தடியாவது தள்ளி நிற்கட்டும், துணிக்குத் தனி லைட் போடுங்க. பாதம் பிரேமில் இல்லையென்றால் தரையில் விரித்த பச்சையைச் சுருட்டி எடுத்துடுங்க. கொசுவத்து ஜரிகையில் ஏறுவது பாதிக்கு மேல் தரைப் பச்சைதான். பச்சைப் பட்டோ, பச்சைச் சுங்குடியோ வந்தால் நீலத் துணி கட்டச் சொல்லுங்க.

ஆரப்பாளையத்தான்:
அக்கா, பார்டரைப் பிரித்துச் செய்தேன். ஜரிகை தங்கமாகவே நிற்கிறது! ரொம்ப நன்றி. லைட்மேன் அண்ணே, தரையிலும் பச்சைதான் விரித்திருந்தோம், நீங்கள் சொன்னபடி கொசுவத்தில்தான் அதிகம். இன்னும் ஒன்று பாக்கி. பூச்சரத்தில் மரிக்கொழுந்து இருக்கிற இடமெல்லாம் ஓட்டையாகி, அது வழியாகத் தெப்பக்குளத் தண்ணீர் தெரிகிறது.

திருநகர்க்காரி:
அதற்கும் தனி ரோட்டோ. சரத்தின் உள்பக்கம், ஓரத்திலிருந்து மூன்று நான்கு பிக்சல் தள்ளி ஒரு வடிவம் வரைந்து, மேட்டில் அந்த இடத்தை முழு வெள்ளையாக்குங்கள். பின்னலோடு அதை டிராக் செய்துவிடுங்கள், தலை திரும்பும் இடத்தில் மட்டும் கையால் திருத்தினால் போதும். விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இலைக்கு இரண்டாவது கீ ஒன்று குறுகலாக எடுங்கள். மரிக்கொழுந்து மங்கிய பச்சை, துணியோ கண்ணைப் பறிக்கும் பச்சை, பிரித்துவிடலாம். அந்த இலைகள் இருக்கும் இடத்தில் ஸ்பில் நீக்கத்தையும் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் இலை சாம்பலாகிவிடும். மல்லிகைக்கு மட்டும் ஸ்பில் நீக்கம் வேண்டும், பூ வெள்ளையாகவே தெரியணும்.

தெப்பக்குளம் பிளேட்டை (பின்னணிப் படத்தை) எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது என்றால் மண்டபத் தூண்களிலும் அதே பக்கம்தான் வெயில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஒரு பிரேமை இங்கே போடுங்கள்.