டயர் ‘அழுந்தல்’ வேண்டாம், ‘அமர்வு’ என்று சொல்லலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

சைக்கிளில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரம் கொஞ்சம் குறைகிறதே, அந்தக் குறைவுக்கு ஒரு சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். ‘வீழ்ச்சி’, ‘நசுங்கல்’, ‘அழுந்தல்’ என மூன்று பரிந்துரைகள் வந்தன. பரிந்துரைத்த மூவருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்தச் சொல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். ரோடு சைக்கிளுக்கு எவ்வளவு காற்று அடிப்பது என்றால், பலரும் டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதுவரை அடித்துவிடுகிறார்கள். அது டயர் தாங்கக்கூடிய உச்சம். யார் ஓட்டப் போகிறார் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. 55 கிலோ உள்ளவரும் 90 கிலோ உள்ளவரும் ஒரே 28 மில்லிமீட்டர் டயரில் ஒரே அளவு காற்றோடு போனால், முதலாமவருக்கு டயர் கல்லாக இருக்கலாம்; இல்லையென்றால் இரண்டாமவருக்குப் பள்ளத்தில் ரிம் இடித்து, டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழலாம். இருவருக்கும் பொதுவாகச் சொல்லக்கூடிய அளவு ஒன்று உண்டென்றால், அது ஆள் ஏறியதும் டயர் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான். சைக்கிள் நுட்பம் பற்றி எழுதிய அமெரிக்கரான ஃபிராங்க் பெர்டோ முன்வைத்த கணக்கு இதையே பிடித்துக்கொண்டது: டயரின் உயரத்தில் 15 விழுக்காடு இறங்கும்படி காற்று வைக்க வேண்டும். 28 மில்லிமீட்டர் டயர் என்றால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். இவ்வளவு பயனுள்ள ஓர் அளவைத் தமிழில் ஒவ்வொரு முறையும் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி சொற்களுக்கு வருகிறேன். ‘வீழ்ச்சி’ விலைக்கும் ஆட்சிக்கும் பொருந்தும், டயருக்கு ஒட்டவில்லை. ‘நசுங்கல்’ எனக்குச் சரியாகப் படவில்லை. நசுங்கிய தகரம் நசுங்கியதுதான், பழைய வடிவம் திரும்பாது. டயரோ ஆள் இறங்கியதும் நிமிர்ந்துவிடுகிறது. அந்த நிமிர்வுதான் டயரின் வேலையே.

‘அழுந்தல்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அழுத்து என்பது பிறவினை, அழுந்து தன்வினை. ‘அழுத்தம்’ ஏற்கெனவே இயற்பியலில் இருக்கிறது. அதன் பக்கத்தில் ‘அழுந்தல்’ உடன்பிறப்பு போல வந்து நிற்கிறது. இரண்டு நாள் அதுவே சரி என்று இருந்தேன். அப்புறம் ஒரு கட்டுரையில் எழுதிப் பார்த்தேன்: “அழுத்தத்தைக் கூட்டினால் அழுந்தல் குறையும்.” படித்தவர் ஒருவர் இதில் அச்சுப்பிழை இருக்கிறது என்றார். அவர்மேல் தவறில்லை. அழுத்தினால் அழுந்த வேண்டும் என்றுதான் நம் இலக்கணம் சொல்லும். இங்கே நடப்பது வேறு. கீழே அழுத்துவது ஓட்டுபவரின் எடை; உள்ளிருந்து தாங்குவது காற்றின் அழுத்தம். ஒரே வேர்ச்சொல்லை எதிரெதிர் வேலை செய்யும் இரண்டுக்கும் கொடுத்தால் படிப்பவர் தடுமாறுவார்.

‘அமுங்கல்’ என்று மாற்றலாமா என்றும் பார்த்தேன். மெத்தை அமுங்குகிறது, எழுந்ததும் நிமிர்கிறது. பொருள் அச்சாக வருகிறது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் அழுத்தத்துக்கு ‘அமுக்கம்’ என்று பெயர். “அமுக்கம் கூடினால் அமுங்கல் குறையும்” என்று அவர்கள் படிக்கும்போது அதே இடத்தில் இடறுவார்கள். நாம் உருவாக்கும் சொல் இரண்டு கரையிலும் செல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வண்டி ஓட்டுபவர்கள் வாயில் என்ன வருகிறது? “காற்று கம்மியா இருக்கு, பின் டயர் உட்காருது பாருங்க.” சொல் அங்கேயே இருக்கிறது. உட்காருதல், அமர்தல். ஆகவே என் பரிந்துரை: அமர்வு. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “காற்றைக் கூட்டினால் அமர்வு குறையும்.” “முன் டயரின் அமர்வு போதவில்லை, கொஞ்சம் காற்றை இறக்கு.” எங்கும் இடறவில்லை.

இந்த இரண்டாவது வாக்கியம் வெறும் எடுத்துக்காட்டு அல்ல. ரோடு சைக்கிளில் எடையின் பெரும்பகுதி, ஏறத்தாழ 55 முதல் 60 விழுக்காடு வரை, பின் சக்கரத்தில் விழுகிறது. இரண்டு டயருக்கும் ஒரே அளவு காற்று அடித்தால் முன் டயர் குறைவாகத்தான் அமரும்; கைப்பிடி நடுங்கும், மணிக்கட்டு வலிக்கும். முன்னும் பின்னும் ஒரே அமர்வு வேண்டுமென்றால் முன்னால் காற்று குறைவாக இருக்க வேண்டும். ‘அமர்வு’ என்ற சொல் கைக்கு வந்ததும் இந்த விதி ஒரே வரியில் அடங்கிவிடுகிறது.

அளப்பதும் எளிது. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ரிம்மின் கீழ் விளிம்பிலிருந்து தரைவரை உள்ள உயரத்தை அளக்க வேண்டும். பிறகு ஓட்டும்போது இருப்பது போலவே கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரை மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அமர்வு. அதை ஆள் ஏறாதபோது டயருக்கு இருக்கும் உயரத்தால் வகுத்தால் ‘அமர்வு விகிதம்’. 15 விழுக்காடு தொடக்கப் புள்ளிதான். கரடுமுரடான சாலையில் இன்னும் கொஞ்சம் அமர விடலாம். டயர் இறுகி இருந்தால் ரப்பர் வளைந்து நிமிர்வதில் வீணாகும் ஆற்றல் குறையும், உண்மை; ஆனால் ஒவ்வொரு கல்லும் உடம்பைத் தூக்கிப் போடும், ஆற்றல் அங்கே போய்விடும். முதல் வகை இழப்புக்குக் காந்தவியலில் ஏற்கெனவே புழங்கும் ‘தயக்கம்’ (hysteresis) என்பதையே எடுத்துத் ‘தயக்க இழப்பு’ என்கிறேன். இரண்டாவதற்கு ‘அதிர்விழப்பு’ போதும் என்று நினைக்கிறேன்.

கொக்கி இல்லாத ரிம் (hookless, அதாவது டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் உள்மடிப்பு இல்லாதது) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அமர்வுக் கணக்கு என்ன சொன்னாலும் அவர்கள் 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, தாண்டக் கூடாது. டயருக்கோ ரிம்முக்கோ அதைவிடக் குறைந்த உச்சம் சொல்லியிருந்தால் அதுவே எல்லை.

‘அமர்வு’க்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். ஒன்று, கருத்தரங்கிலும் நீதிமன்றத்திலும் அந்தச் சொல் இருக்கிறதே என்பது. டயர் பற்றிய கட்டுரையில் அந்தக் குழப்பம் வராது. தேவைப்பட்டால் ‘டயரமர்வு’ என்று சேர்த்து எழுதலாம். இரண்டாவது கனமானது. டியூப் இல்லாத டயரில் காற்றை வேகமாக ஏற்றும்போது அதன் விளிம்பு ‘டப்’ என்ற ஓசையோடு ரிம்மில் போய் உட்காருகிறதே, அதையும் ‘அமர்தல்’ என்றுதான் நம்மில் சிலர் எழுதி வருகிறோம். நானே எழுதியிருக்கிறேன். அதற்கு ‘விளிம்பு பொருந்துதல்’ என்று மாற்றிக்கொள்ள நான் தயார். ‘பொருந்துதல்’ அங்கே பொருள் குறைகிறது, அந்த ‘டப்’ வரவில்லை என்று நினைப்பவர்கள், அதற்கு வேறு சொல் தாருங்கள். ‘கவ்வுதல்’ என்று ஒன்று எனக்குத் தோன்றுகிறது. விளிம்பு ரிம்மைக் கவ்வியதா என்று கேட்டால் உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?