இழை: மானிட்டரிங் – ‘கண்காணிப்பு’ போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவின் மேரிலாந்தில் எங்கள் வாரயிறுதித் தமிழ்ப்பள்ளிக்காக இங்குள்ள செசபீக் விரிகுடா பற்றி நான்கு பக்கப் பாடம் எழுதுகிறேன். வெள்ளி இரவு அச்சுக்குப் போக வேண்டும். 1984 முதல் விரிகுடாவில் குறித்த இடங்களில் கரைந்த ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ், நீரின் தெளிவு எல்லாம் அளந்துவருகிறார்கள். ‘கண்காணிப்பு’ என்றால் பிள்ளைகளுக்குக் கடை வாசல் கேமராதான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் உண்டா?

*

சென்னையிலிருந்து:

‘நாடல்’ இருக்கிறதே! ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ (குறள் 948). ‘நாள்தொறும் நாடி’ (குறள் 553) என்னுமிடத்தில் தொடர்ச்சியும் சேர்ந்தே வருகிறது. நாடித்துடிப்பின் நாடி வடசொல். இது ஆராய்தலைக் குறிக்கும் ‘நாடு’ என்னும் தமிழ் வினை, குழப்ப வேண்டாம். ‘நீர்நாடல்’ என்க. கண்காணி திரிந்தே, தோட்டங்களில் கூலியாட்களை மேய்த்த கங்காணி ஆனது. தோட்டத் தொழிலாளர் பட்ட பாடு அச்சொல்லில் ஒட்டியிருக்கிறது.

*

கண்டியிலிருந்து:

ஐயா, என் பூட்டனார் கங்காணியின் கீழ் கொழுந்து பறித்தவர். எனக்குச் சொல்லின்மேல் கோபமில்லை. கோயில் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி’ வருகிறது. ‘சந்திராதித்தவல்’, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, எரிய வேண்டிய விளக்குக்கான கொடையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அது. இதைவிட நெடுங்காலப் பார்வை வேறு என்ன? ‘நீரை நாடி யானைகள் வந்தன’ என்று நாளிதழ் எழுதும். நீர்நாடல் என்றால் தண்ணீர் தேடுவதாகத்தான் படும். ஆற்றுக்கு நீர் சேரும் நிலப்பரப்பை என்னவென்று எழுதியிருக்கிறீர்கள்? நாங்கள் நீரேந்து பகுதி என்போம்.

*

மேரிலாந்திலிருந்து:

‘வடிநிலம்’ என்று எழுதியிருந்தேன். நீரேந்து பகுதி நன்றாக இருக்கிறது. ஆறு மாநிலங்களில் பரந்த நிலம் அது.

என் கவலை இதுதான். மழை மிகுந்த ஆண்டில், விரிகுடாவில் கலக்கும் சஸ்குவஹானா ஆறு வயல்களின் உரத்தையெல்லாம் அள்ளிவருகிறது. அந்த உரத்தில் பாசி பெருகி, மடிந்து அழுக, கோடையில் ஆழத்து நீரில் ஆக்சிஜன் அற்றுப்போகிறது. வறண்ட ஆண்டில் நீர் தெளிந்து, நோய் தீர்ந்ததுபோல் காட்டும். ஓராண்டு அளவை நம்பினால் ஏமாறுவோம். அதே இடம், அதே முறை, பல பத்தாண்டுகள்: அப்போதுதான் மழையின் கணக்கு வேறு, மனிதர் செய்ததன் கணக்கு வேறு என்று பிரியும். ஆகவே சொல்லின் உயிர் ‘தொடர்’ என்பதில் இருக்கிறது. ‘தொடரளவீடு’?

*

கோவையிலிருந்து:

அளவீடு என்றால் அளப்பதோடு நின்றுவிடும், பொறுப்பு வராது. ‘தொடர்கண்காணிப்பு’ என்று போடுங்கள். வினைத்தொகை, ஆகவே க் மிகாது.

*

கண்டியிலிருந்து:

உடன்படுகிறேன்.

*

மேரிலாந்திலிருந்து:

மணி பதினொன்று. தொடர்கண்காணிப்பு என்றே அனுப்புகிறேன். நன்றி.

*

சென்னையிலிருந்து:

அனுப்புங்கள். ஆனால் கண்காணிப்பவர் குற்றத்தைத் தேடுகிறார், நாடுபவர் காரணத்தைத் தேடுகிறார். குறள் 948ஐ அந்தப் பாடத்தின் ஓரத்திலாவது அச்சிடுங்கள்.