மலைப்பாதையில் ஓடும் காருக்கு ஈக்குவலைசரை எப்படிச் சரிசெய்வது?

தேயிலைச்சாரல், ஹட்டன்

அனைவருக்கும் வணக்கம். நான் ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய வேகன் ஆர் கார்தான் பாவிக்கிறேன். சென்ற மாதம் அதிலிருந்த செட்டைக் கழற்றிவிட்டு, தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுவரை ஒலியைப் பத்துப் பட்டைகளாகப் பிரித்துத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர் உள்ள அண்ட்ராய்ட் செட் ஒன்றையும் முன்கதவுகளுக்கு 6.5 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டையும் பூட்டினேன். பூட்டித் தந்த கடையில், பேஸையும் (தாழ்ந்த ஒலிகள்) ட்ரபிளையும் (உயர்ந்த ஒலிகள்) ஏறக்குறைய உச்சிவரை ஏற்றி, நடுப்பட்டைகளைக் கீழே இறக்கி வைத்து, இப்படியே கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஏற்றத்தில் ஏறத் தொடங்கியதும் பாடுபவரின் குரல் அமுங்கிப்போகிறது. சத்தத்தைக் கூட்டினால் நாதஸ்வரம் காதைக் குத்துகிறது, இடது கதவு கடகடவென்று அதிர்கிறது. பின்னால் அமர்ந்து வந்த என் தகப்பனார், "பாட்டு கிணற்றுக்குள்ளே இருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது" என்றார். அவர் சொன்னதுதான் சரியான வருணனை. வானொலியில் கேட்டால் இத்தனைக்கும் மேலாக ஓர் இரைச்சல் வேறு. எந்தப் பட்டையை எவ்வளவு வைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

கம்பளை ஒலிபெருக்கி

தம்பி, கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய பழக்கத்தில் சொல்கிறேன், ஈக்குவலைசரில் கை வைப்பதற்கு முன்பு வயரைப் பாருங்கள். பேஸ் அதிகமுள்ள ஒரு பாட்டைப் போட்டு, இடது வலது ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பங்கிடும் பெலன்ஸை இடது கோடிக்குத் தள்ளிக் கேளுங்கள், பிறகு வலது கோடிக்கு, பிறகு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து ஒலிக்கும்போது பேஸ் கூட வேண்டும். நடுவுக்கு வந்ததும் அது மெலிந்துபோனால், ஏதோ ஒரு கதவில் கூட்டல் கழித்தல் வயர்கள் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். ஒரு ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளும் நேரத்தில் மற்றது உள்ளே இழுப்பதால், தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. உறுதிப்படுத்த வேண்டுமானால், செட்டிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்டோர்ச் பற்றரி ஒன்றை ஸ்பீக்கரில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூட்டலோடு கூட்டல் பட்டால் கூம்பு வெளிப்பக்கம் நகரும். இந்தப் பிழை இருக்கும்வரை எந்தப் பட்டையை எவ்வளவு ஏற்றினாலும் பேஸ் வராது.

வயர் சரியென்றால் எல்லாப் பட்டைகளையும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் என்று பேஸைத் தானாகக் கூட்டுவதற்குச் செட்டில் தனியாக இருப்பவற்றை நிறுத்துங்கள். புளூடூத்தில் கேட்பதானால் கைத்தொலைபேசியின் ஈக்குவலைசரையும் நிறுத்திவிட்டு, அதன் சத்தத்தை உச்சிக்குச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் செட்டில் மட்டும் செய்யுங்கள். சோதிப்பதற்கு, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டும் தவில் தெளிவாகக் கேட்கும் ஒரு நாதஸ்வரக் கச்சேரியும் போதும்.

இனித்தான் முக்கியமான விடயம். ஈக்குவலைசரை ஏற்றுவதற்கென்று நினைக்காமல், குறைப்பதற்கென்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டையை 3 டெசிபல் (ஒலியளவின் அலகு) ஏற்றினால் அந்த ஒலிக்கு, செட்டுக்குள் இருந்து ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப் இரண்டு மடங்கு சக்தியைக் கொடுக்க வேண்டும். 12 டெசிபல் ஏற்றினால் ஏறத்தாழ 16 மடங்கு. பெட்டியில் நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், டாஷ்போர்டுக்குள் அடங்கும் செட் ஒன்று ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையாகத் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 15 முதல் 20 வாட் வரைதான். ஆகவே 2 வாட் போதுமான இடத்தில் பேஸை 12 ஏற்றினால் 32 வாட் கேட்கிறீர்கள். கொடுக்க முடியாத ஆம்ப் ஒலியலையின் தலையை வெட்டிவிடுகிறது. நீங்கள் ஏற்றத்தில் சத்தத்தைக் கூட்டும்போது காதைக் குத்துவதில் பாதி இந்த வெட்டுப்பட்ட ஒலிதான், நாதஸ்வரத்தின் மீது பழி போடாதீர்கள். இப்படியே நெடுநாள் ஓட்டினால் உயர்ந்த ஒலிகளை எடுக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் கருகியும் போகும்.

உங்கள் தகப்பனார் சொன்ன கிணறு 125க்கும் 250 ஹேர்ட்ஸுக்கும் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) இடையில் இருக்கிறது. சிறிய காரின் உட்புறம் கண்ணாடிக்குக் கண்ணாடி ஏறக்குறைய 1.3 மீற்றர். ஒலி நொடிக்கு சுமார் 340 மீற்றர் செல்வதால், இந்த அகலத்தில் 130ஐயும் 260ஐயும் ஒட்டிய ஒலிகள் இரு கண்ணாடிகளுக்கும் இடையே மோதி மோதித் தடித்துவிடுகின்றன. கண்டுபிடிப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். சத்தத்தை மிதமாக வைத்து, ஒரு பட்டையை மட்டும் நன்றாக உயர்த்திக் கேட்டுவிட்டு மீண்டும் இறக்கி, அடுத்ததை உயர்த்துங்கள். எதை உயர்த்தும்போது கேட்கவே சகிக்கவில்லையோ, அதைத்தான் பூச்சியத்துக்குக் கீழே 3 அல்லது 4 டெசிபல் இறக்க வேண்டும். உங்கள் காரில் அது 250 ஆகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

குரலின் சொற்கள் புரிவது 1,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான். கடையில் இறக்கியது இதைத்தான், அதனால்தான் பாடுபவர் அமுங்கிப்போனார். மனிதக் காதுக்குக் கூர்மை மிகுந்த இடமும் இதற்குள்தான் இருப்பதால், இதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாலே போதும், மேலே ஏற்ற வேண்டாம். அப்போதும் நாதஸ்வரம் குத்தினால் 4,000ஐ 2 இறக்குங்கள். சகரமும் ஸகரமும் சீறினால் 8,000ஐ இறக்குங்கள். 31 ஹேர்ட்ஸை முழுவதுமாகக் கீழே தள்ளிவிடுங்கள், 6.5 அங்குலக் கதவு ஸ்பீக்கரால் அதை எடுக்க முடியாது, கூம்பு வீணாக ஆடுவதுதான் மிச்சம். தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டர் இருந்தால் 80இல் வையுங்கள். தவிலின் தொப்பி (தடித்து ஒலிக்கும் இடப்பக்கம்) கும்மென்றும், வலந்தலை (வலப்பக்கம்) தனியாக நறுக்கென்றும் கேட்டால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. வாசலில் நிறுத்தி வைத்த காரில் முடிவு செய்யாதீர்கள். டயர் இரைச்சலும், தாழ்ந்த கியரில் ஏறும் என்ஜினின் உறுமலும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளாகையால், அவை பாட்டின் பேஸை மூடிவிடுகின்றன. ஆகவே 62ஐயும் 125ஐயும் ஓடும்போது கேட்டு 2 டெசிபல் வரை கூட்டிக்கொள்ளலாம். அதையும் வேறொருவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் இருந்து செய்யுங்கள். நம் வளைவுகளில் திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து.

பனிமூட்டம், பண்டாரவளை

அண்ணன் விளக்கமாகச் சொல்லிவிட்டதால், விடுபட்ட இரண்டை மட்டும் சேர்க்கிறேன். எஃப்.எம். இரைச்சலுக்கும் ஈக்குவலைசருக்கும் சம்பந்தமில்லை. எஃப்.எம். ஒலிபரப்பு 15,000 ஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் சுமந்து வருவதில்லை, ஆகவே வானொலிக்காக 16,000 பட்டையை ஏற்றுவதில் பயனே இல்லை. மலைகளில் பட்டுத் தெறிக்கும் அலைகள் நேராக வருவதோடு கலந்து வருவதால்தான் வளைவுக்கு வளைவு ஒலி கரகரக்கிறது. செட்டில் மோனோ (இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) என்று ஒரு தெரிவு இருக்கும், வானொலி கேட்கும்போது அதைப் போட்டுப் பாருங்கள், இரைச்சல் வெகுவாகக் குறையும்.

இரண்டாவது, நாம் வலப்பக்கம் அமர்ந்து ஓட்டுகிறோம். காதிலிருந்து வலது ஸ்பீக்கருக்கும் இடது ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து பாருங்கள். என் காரில் வித்தியாசம் 40 சென்ரிமீற்றர் வந்தது. ஒலி ஒரு மில்லிசெக்கனில் 34 சென்ரிமீற்றர் செல்லும் என்பதால், இரண்டும் ஒன்றாகக் காதுக்கு வரும்படி, அருகிலுள்ள வலது ஸ்பீக்கருக்குச் சுமார் 1.2 மில்லிசெக்கன் தாமதம் வைத்தேன். அதுவரை வலது முழங்காலருகே பாடிக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னால், நேரெதிரே வந்து நின்று பாடுவதுபோல ஆனது. தாமதம் வைக்கும் வசதி உங்கள் செட்டில் இல்லையென்றால் பெலன்ஸை இடதுபக்கம் ஓரிரு புள்ளி தள்ளினாலும் ஓரளவு பலன் உண்டு.

தேயிலைச்சாரல், ஹட்டன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இடது கதவில் வயர் மாறித்தான் இருந்தது. பற்றரியைத் தொட்டதும் கூம்பு உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன். அதை மாற்றிய பிறகு, பேஸை ஏற்ற வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. அண்ணன் ஊகித்தபடியே 250ஐ 4 இறக்கினேன், 4,000ஐ 2 இறக்கினேன், 31ஐ முழுதாக இறக்கினேன், மற்றவை பூச்சியத்தில் இருக்கின்றன. நேற்று என் தம்பி ஓட்ட, ரதல்ல ஏற்றத்தில் கேட்டு 125ஐ மட்டும் 1 கூட்டினேன். தகப்பனார் பின்னாலிருந்து பாட்டின் அடியை வாய்விட்டுச் சேர்ந்து பாடினார். எனக்கு அதுவே போதும். தாமதம் வைக்கும் இடத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இடது கதவின் அதிர்வு மட்டும் குறைந்திருக்கிறதே தவிர, நிற்கவில்லை.

கம்பளை ஒலிபெருக்கி

மிக்க மகிழ்ச்சி, தம்பி. அதிர்வது பெரும்பாலும் கதவின் உட்பலகையைப் பிடித்திருக்கும் கிளிப்பாகவோ, கதவுக்குள் தொங்கும் பூட்டுக் கம்பியாகவோ இருக்கும். பாட்டு ஓடும்போது உள்ளங்கையால் பலகையை இடம் இடமாக அழுத்திப் பாருங்கள், எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கே திறந்து, தளர்ந்த கிளிப்பை மாற்றி, கம்பிக்கு ஸ்பொஞ்ச் சுற்றிவிடுங்கள். ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள தகட்டில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் தாள் ஒட்டினால் தவிலின் தொப்பி இன்னும் இறுகிக் கேட்கும். ஒட்டும்போது, கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். உட்பலகைக்குப் பின்னாலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் தாளையும் இருந்தபடியே திருப்பி ஒட்டுங்கள். நம் பக்கத்து மழைக்கும் பனிக்கும் கதவுக்குள் நீர் தேங்கினால் தகடும் துருப்பிடிக்கும், புது ஸ்பீக்கரின் கூம்பும் ஊறிவிடும்.