ஈரி கால்வாய் வெட்ட நியூயார்க் மாநிலம் தானே நோட்டு அச்சிடாதது ஏன்?

மஞ்சக்குப்பம் வாசகர் (கடலூர்):

தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, 1690-இல் அதை மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனிக்காக வாங்கிய சென்னை ஆளுநர் எலிஹு யேல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர் என்று அறிந்தேன். அதே 1690-இன் டிசம்பரில், கியூபெக் படையெடுப்பில் தோற்றுத் திரும்பிய சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத மாசசூசெட்ஸ் குடியேற்ற அரசு, அந்தப் பாஸ்டனிலேயே காகிதப் பணம் அச்சிட்டிருக்கிறது. யேலை விட்டுவிட்டு நான் இந்தக் காகிதத்தின் பின்னால் போய்விட்டேன்.

என் ஐயம் இதுதான். குடியேற்றங்களாக இருந்த காலத்தில் தாமே நோட்டு அடித்துச் செலவு செய்தவர்கள், விடுதலை பெற்ற பிறகு, ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைக்கும் 363 மைல் நீளமுள்ள ஈரி கால்வாயை வெட்டுவதற்கு ஏன் வட்டிக்குக் கடன் வாங்கினார்கள்? நோட்டு வெளியிடும் உரிமை தனியார் வங்கிகளின் கைக்கு எப்படிப் போனது?

முத்தியால்பேட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் (புதுச்சேரி):

அந்த நோட்டுகள் அனைத்தையும் ஒரே வகையாக எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வெளியே போன காகிதம் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் தன் நோட்டை வரி கட்டும்போது ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. அதாவது நாளைய வரியை இன்றே செலவழித்தது.

பென்சில்வேனியா 1723-இல் செய்தது இன்னும் நுட்பமானது. நிலத்தை அடமானமாகப் பெற்றுக்கொண்டு, அதன் மதிப்பில் பாதிக்கு மிகாமல், ஐந்து விழுக்காடு வட்டிக்கு அரசின் கடன் அலுவலகமே நோட்டுகளைக் கொடுத்தது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரித் தோப்பை அடமானம் வைத்து ஆண்டுத் தவணையில் அடைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேறுபாடு, கடனாகக் கொடுக்கப்பட்ட பணமே அந்தக் கடனுக்காகத்தான் பிறந்தது. தவணை வரவரக் காகிதம் அலுவலகத்துக்குத் திரும்பியது, வட்டி மாகாணச் செலவுக்குப் பயன்பட்டது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1729-இல் இம்முறையை ஆதரித்துச் சிறு நூல் எழுதினார். பின்னர் நோட்டு அச்சிடும் வேலையும் அவருக்கே கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கள்ள நோட்டைத் தடுக்க மரத்து இலையின் நரம்புகளை அச்சில் பதித்தவரும் அவர்தான்.

இந்தத் திரும்பும் வழி இல்லாமல் வெளியானது, விடுதலைப் போர்ச் செலவுக்காக எல்லாக் குடியேற்றங்களுக்கும் பொதுவான அமெரிக்கப் பேரவை 1775-இல் வெளியிடத் தொடங்கிய கான்டினென்டல் நோட்டு. அந்தப் பேரவைக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. போர் முடிவதற்குள் சுமார் 24 கோடி டாலர் அச்சாகி, 1780-இல் நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று பேரவையே ஒப்புக்கொள்ளும் நிலை வந்தது. அந்தச் சூடு ஆறாதவர்கள் 1787-இல் எழுதிய அரசியலமைப்பு, மாநிலங்கள் நோட்டு வெளியிடுவதை வெளிப்படையாகத் தடுத்துவிட்டது. ஆகவே நியூயார்க்குக்கு 1817-இல் அந்த வழி சட்டப்படி அடைபட்டிருந்தது.

திருப்பாதிரிப்புலியூர் வரலாற்று ஆசிரியர்:

ஐயா சொன்னது சரியே. ஆனால் தடை மாநிலத்துக்குத்தான், மாநிலம் உரிமம் கொடுத்த வங்கிக்கு அல்ல. தனியார் கைக்கு உரிமை போன கதவு இதுதான். மாநிலச் சட்டமன்றம் சாசனம், அதாவது வங்கி நடத்தும் உரிமம், வழங்கும். வங்கி நோட்டு வெளியிடும். கேட்டால் வெள்ளியோ தங்கமோ கொடுப்பதாக அந்த நோட்டில் எழுதியிருக்கும். நம் பக்கத்துக்கு இது புதிதல்ல: பிரெஞ்சு அரசின் உரிமம் பெற்ற இந்தோசீன வங்கி புதுவையில் ரூபாய் நோட்டு வெளியிட்டது.

சாசனத்துக்கு விலையும் உண்டு. பல மாநிலங்கள் வங்கியிடமிருந்து ரொக்கம் பெற்றன, அல்லது சாலை, கால்வாய் நிறுவனங்களின் பங்குகளை வாங்க வைத்தன. சில வேளைகளில் பொதுப்பணி வெறும் முகமூடி. மஞ்சள் காய்ச்சல் வாட்டிய நியூயார்க் நகருக்கு நல்ல தண்ணீர் தருவதாக அரசியல்வாதி ஆரன் பர் 1799-இல் பெற்ற மன்ஹாட்டன் நிறுவனச் சாசனத்தில், உபரி முதலீட்டை விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. மரக்கட்டையைக் குடைந்து செய்த குழாய்களில் தண்ணீர் அரைகுறையாக ஓடியது, வங்கியோ அதே ஆண்டில் திறந்துவிட்டது.

மத்திய அரசும் கைவிட்டது. மத்திய அரசின் சாசனம் பெற்ற இரண்டாம் அமெரிக்க வங்கி (Second Bank of the United States) அந்தச் சாசனத்துக்காகக் கொடுத்த 15 லட்சம் டாலரைச் சாலைக்கும் கால்வாய்க்கும் ஒதுக்கும் மசோதாவைக் குடியரசுத் தலைவர் மேடிசன் 1817 மார்ச் 3 அன்று மறுத்தார். ஆறு வாரத்தில் நியூயார்க் தன் கால்வாய்ச் சட்டத்தைத் தானே நிறைவேற்றிக்கொண்டது.

மஞ்சக்குப்பம் வாசகர்:

மிக்க நன்றி. அப்படியானால் கால்வாய்க்காக நியூயார்க் வெளியிட்ட கடன் பத்திரங்களை யார் வாங்கினார்கள்? ஒன்று கூட: மாநிலமே ஒரு வங்கியைத் தொடங்கி, அதன் பெயரில் நோட்டு அடித்திருக்கலாமே?

முத்தியால்பேட்டை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:

தொடக்கத்தில் உள்ளூர்ச் சேமிப்பே பெரிதும் உதவியது. நியூயார்க் சேமிப்பு வங்கி 1819-இல் தொடங்கி, கூலிவேலை செய்வோரும் வீட்டுப் பணிப்பெண்களும் போட்ட சிறுதொகைகளைத் திரட்டிக் கால்வாய்ப் பத்திரங்களில் முதலிட்டது. வட்டிக்கென்று உப்பின் மீதும் ஏல விற்பனையின் மீதும் விதித்த வரி தனி நிதியில் ஒதுக்கப்பட்டதால் நம்பிக்கை பிறந்தது. அதன் பிறகுதான் லண்டன் பணம் தாராளமாக வந்தது. எழுபது லட்சம் டாலருக்குச் சற்று மேல் செலவாகி 1825-இல் பணி முடிந்தது. படகுச் சுங்கம் வட்டியைத் தாண்டி வருவாய் தந்தது.

திருப்பாதிரிப்புலியூர் வரலாற்று ஆசிரியர்:

தங்கள் இரண்டாம் கேள்வியைக் கென்டக்கி மாநிலம் சோதித்தே பார்த்துவிட்டது. முழுவதும் மாநிலத்துக்கே சொந்தமான காமன்வெல்த் வங்கியை 1820-இல் அமைத்து நோட்டு அடித்தது. 1837-இல் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, சந்தையில் அந்த நோட்டு முகமதிப்பில் ஏறக்குறைய பாதிக்குத்தான் போனது.

கடன் வழியும் எல்லோருக்கும் கைகொடுக்கவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரியைப் பார்த்துப் போட்டிக்குக் கால்வாய் வெட்டிய பென்சில்வேனியா 1842-இல் வட்டி கட்ட முடியாமல் நின்றது. நியூயார்க்கே அந்த ஆண்டில் கால்வாய் அகலப்படுத்தும் வேலையை நிறுத்தி, புதிதாக வரி விதித்துத்தான் தப்பியது.