குன்னூர் மலைப்பாதைக்கு இரும்பு ரிம்மா, அலாய் வீலா?

கேத்திவாசி:
என்னிடம் 120 குதிரைத்திறன் கொண்ட டர்போ ஹேட்ச்பேக் உள்ளது. 195/55 ஆர்16 டயர் (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம்), வார்ப்பு அலாய் வீல். சென்ற ஐப்பசி மழையில் பர்லியாருக்கு மேலே, தண்ணீர் நிரம்பி ஆழம் தெரியாதிருந்த ஒரு குழியில் முன் இடது சக்கரம் இறங்கிவிட்டது. டயர் கிழியவில்லை, மறுநாள் காலையில்தான் காற்று முழுவதும் இறங்கியிருந்ததைக் கண்டேன். கழற்றிப் பார்த்தால் ரிம்மின் உள்விளிம்பில் விரல் நீளத்திற்கு விரிசல். நான்கையும் இரும்பு ரிம்மாக மாற்றிவிடலாமா, அல்லது மீண்டும் அலாய் வாங்கலாமா? வாரத்தில் மூன்று நாள் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். வளைவுகளில் வண்டி திரும்பும் விதமும் எனக்கு முக்கியம்.

கோத்தகிரிக்காரன்:
தயங்காமல் இரும்புக்கு மாறுங்கள், நண்பரே. அடி பட்டால் இரும்பு நெளியும், வார்ப்பு அலாய் விரிசல் விடும். நெளிந்ததைப் பஞ்சர் கடையில் தட்டி நிமிர்த்தி அன்றைக்கே வீடு வந்து சேரலாம். விரிசல் விட்டதை ஆர்கான் வெல்டிங் வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெப்பப் பதப்படுத்தலால் அந்த உலோகம் பெற்ற வலிமை வெல்டிங் சூட்டில் அந்த இடத்திலேயே போய்விடுகிறது, அதை நம்பிப் பள்ளத்தாக்கின் ஓரத்தில் வண்டியைத் திருப்ப என்னால் முடியாது. அளவையும் மாற்றுங்கள்: 15 அங்குல ரிம்மில் 185/65 டயர். உங்கள் இப்போதைய டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ.; இதற்கும் ஏறக்குறைய அதே அளவுதான் வரும், ஆகவே வேகமானி மாறாது. ஆனால் பக்கச்சுவர் 107 மி.மீ. இலிருந்து 120 ஆக உயர்கிறது. குழியில் விழும்போது ரிம்மைக் காப்பது அந்த 13 மி.மீ. ரப்பரும் காற்றும்தான்.

குன்னூர் வளைவு:
அண்ணா, உங்கள் கணக்கு சரி. ஆனால் பக்கச்சுவருக்கு உரிய பெருமையை இரும்புக்குக் கொடுத்துவிட்டீர்கள். அதே 185/65 டயரை 15 அங்குல அலாயிலும் போடலாமே. அப்படிப் போட்டால் எடையும் குறையும். நான்கு சக்கரத்திலும் சேர்த்து ஐந்தாறு கிலோ குறைவதை 1,200 கிலோ வண்டியோடு ஒப்பிட்டு அற்பம் என்பார்கள். அந்த ஒப்பீடு தவறு. சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் எடை (சக்கரம், டயர், பிரேக் போன்றவை) ஒரு மூலைக்கு முப்பது கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், அதில் ஒன்றரைக் கிலோ என்பது நூற்றில் ஐந்து பங்கு. வளைவின் நடுவே சாலை மேடுபள்ளமாக இருக்கும்போது டயர் தரையை விட்டுத் துள்ளாமல் ஒட்டிக்கொண்டிருப்பதை அந்த ஐந்து பங்கு தீர்மானிக்கிறது. 1924 இல் புகாட்டி தன் டைப் 35 பந்தயக் காருக்கு அலுமினியச் சக்கரங்களை வார்த்ததை யாரும் அழகுக்காகச் செய்ததாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, வெப்பம். குன்னூர் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவு. 1,200 கிலோ வண்டி இந்த உயரத்தை இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 1.8 கோடி ஜூல். நம் வீட்டு மீட்டர் கணக்கில் ஐந்து யூனிட். அதில் கணிசமான பங்கு பிரேக்கின் வழியாகவே போகிறது. அலுமினியக் கலவை இரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அதன் ஆரங்களுக்கிடையே காற்றும் தாராளமாகப் போகும்.

கோத்தகிரிக்காரன்:
வெப்பத்தைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்கவில்லை. டிஸ்க்கின் சூட்டில் பெரும்பகுதி நேராகக் காற்றுக்குப் போகிறது. ரிம் வழியாகக் கடப்பது சிறு பங்கு. இரண்டாவது கியரில் இறங்கினால் அந்த ஐந்து யூனிட்டில் பெரும்பங்கை எஞ்சினே தாங்கிக்கொள்ளும். பிரேக் கைவிட்டதாகச் சொல்லப்படும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் எண்ணெயை. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நம் ஊர் மூடுபனியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றாதவருக்கு எந்த ரிம்மும் உதவாது.

குன்னூர் வளைவு:
பிரேக் எண்ணெய் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. வெப்ப வாதத்தை நான் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாது. எடை வாதத்தை விட மாட்டேன்.

காரமடை பட்டறை:
இருவரும் சொல்லாத ஒன்று. ரிம்மை மாற்றினால் நட்டையும் பாருங்கள். சில ரிம்களில் நட்டு உட்காரும் குழி கூம்பு வடிவம், சிலவற்றில் உருண்டை வடிவம். ஒன்றின் நட்டை மற்றதில் முறுக்கினால் இறுகியதுபோல் தோன்றும், சில நூறு கிலோமீட்டரில் தளரும். வெளிச்சந்தை அலாயின் நடுத்துளை பெரும்பாலும் பெரிதாக இருக்கும். சரியான வளையம் போடாவிட்டால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் ஸ்டீயரிங் நடுங்கும். புது ரிம் போட்டு நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) மீண்டும் இறுக்குங்கள்.

கேத்திவாசி:
மூவருக்கும் நன்றி. என் வண்டியின் ஸ்டெப்னி 15 அங்குல இரும்பு ரிம்தான் என்பது நேற்றுதான் உறைத்தது. அதை முன்சக்கரத்தில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன், பிரேக் காலிப்பரில் உரசவில்லை. பிறகு பக்கத்துத் தோட்டத்தில் பச்சை இலை நிறுக்கும் தராசில் டயர் இல்லாமல் இரண்டையும் நிறுத்தேன். விரிசல் விட்ட 16 அங்குல அலாய் 8.8 கிலோ, இரும்பு 8.2 கிலோ.

கோத்தகிரிக்காரன்:
பார்த்தீர்களா! இரும்பு கனம், அலாய் இலேசு என்பதை அளவைக் குறிப்பிடாமல் சொல்லவே கூடாது.

குன்னூர் வளைவு:
அண்ணா, 15 அங்குல அலாயையும் அதே தராசில் வைத்தால் அது ஏழு கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். ஜேடபிள்யூஎல் முத்திரை (அலாய் வீல்களுக்கான ஜப்பானியத் தர அடையாளம்) பொறித்ததாகப் பார்த்து அதை வாங்குங்கள் என்றே கேத்தி நண்பருக்குச் சொல்வேன்.

கேத்திவாசி:
இந்த மழைக்காலம் முடியும்வரை இரும்பில் ஓட்டுவதென்று முடிவு செய்து, மூன்று ரிம்மும் நான்கு 185/65 டயரும் சொல்லிவிட்டேன். தை பிறந்து சாலையைச் செப்பனிட்டபின், 15 அங்குல அலாயை நான்கு நாள் இரவல் தரச் சம்மதிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அதே பாதையில், அதே டயரில், இரண்டையும் ஓட்டிப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.