மணிச்சத்தம் முழுசா அடங்க மாட்டேங்குது, யாராவது உதவுங்க

வணக்கம் நண்பர்களே. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். விண்வெளியில் ஏன் சத்தம் கேட்காது என்று காட்ட, கண்ணாடி மணிச்சாடிக்குள் மின்சார மணியை வைத்துக் காற்றை உறிஞ்சினேன். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. "அப்போ வெற்றிடத்துலயும் கேக்குதே சார்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

பம்பு பழசு, கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். அதைவிட, மணி நிற்கும் கட்டை வழியாகவே அதிர்வு மேசைக்கு இறங்குகிறதோ என்று சந்தேகம். திடப்பொருள் என்றால் ஒலிக்குக் கொண்டாட்டமாச்சே: காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், எஃகில் 5000-க்கும் மேல். 1660-இலேயே விஞ்ஞானி ராபர்ட் பாயில், காற்றை உறிஞ்சிய சாடிக்குள் கடிகாரத்தை நூலில் தொங்கவிட்டுத்தான் பார்த்தார். நூலா, ரப்பர் வளையமா, பஞ்சா, எது சரிப்படும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். (செல்போன் அலாரம் வைக்கலாம்தான், பேட்டரி உப்பிவிடுமோ என்று பயம்.)

இன்னொன்று. பெர்சியஸ் என்ற விண்மீன் மண்டலக் கொத்தின் கருந்துளை 'ஒலி' என்று நாசா 2022-இல் வெளியிட்டதை ஒரு மாணவி கேட்கிறாள். அங்கே சூடான வாயு பரவியிருக்கிறது, அதில் அழுத்த அலை ஓடுகிறது, அதை 57 ஸ்தாயி (ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரு மடங்கு) உயர்த்தித்தான் நம் காதுக்குக் கொண்டுவந்தார்கள். இதை 13 வயசுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? வியாழக்கிழமை மறுபடி அதே வகுப்பு.